காற்றை அளக்கப் போன தீவு

நான் காற்றை அளக்கிறவள் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் எளிதில் நம்புவதில்லை. வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்த புதிதில், அடுத்த வீட்டு அம்மாள் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "கலெக்டர் ஆபீஸ்லயா வேலை?" என்று விசாரித்தார். இல்லை, சென்னையில் ஒரு நிறுவனம். காற்றாலை வைப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் காற்று போதுமா என்று அளந்து சொல்வது என் வேலை என்றேன். "காத்தையா அளக்கறீங்க? படியாலயா, முழத்தாலயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கத்திரி வெயிலில், மாலத்தீவைச் சேர்ந்த ஒரு சிறிய தீவுக்கு என்னை அனுப்பினார்கள். உடன் வந்தவர் ஏழுமலை. அடி அண்ணாமலைக்காரர், கம்பம் நடுவதிலும் கம்பம் ஏறுவதிலும் எங்கள் நிறுவனத்தில் அவருக்கு இணை கிடையாது. அவர் வீட்டார் கிரிவலப் பாதையில் மோரும் இளநீரும் விற்கிறார்கள். ஆகவே பௌர்ணமியைத் தவிர எந்த நாளிலும், எந்தத் திசைக்கும் வரத் தயங்கமாட்டார்.

வேலை எளியதுதான். முந்தைய ஆண்டு ஏழுமலையும் வேறு சிலரும் அந்தத் தீவில் உயரமான ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு, அதன் உச்சியில் காற்றின் வேகத்தை அளக்கும் சுழல்கிண்ணங்களைப் பொருத்திவிட்டு வந்திருந்தார்கள். அடியில் ஒரு பதிவுப்பெட்டி. ஓராண்டுக் காற்று அந்தப் பெட்டிக்குள் சேர்ந்திருக்கும். நாங்கள் போய் அதைப் படிக்க வேண்டும். கம்பத்தைக் கழற்றிப் படகில் ஏற்றி, அதற்காகக் காத்திருக்கும் அடுத்த தீவில் சேர்க்க வேண்டும். பண உதவி செய்கிறவர்கள் அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு தீவுக்குத்தான் காற்றாலை தருவதாக இருந்தார்கள். சராசரிக் காற்று அவர்கள் குறித்த அளவைத் தொட்டால் இந்தத் தீவு; தொடாவிட்டால் அடுத்தது.

சரக்குப் படகில் போனோம். வெங்காய மூட்டைகள், பால் டின்கள், ஒட்டுப்பலகைகள், ஒரு தையல் இயந்திரம், இவற்றுக்கு நடுவே நாங்கள். கரை கண்ணை விட்டு மறைந்த சிறிது நேரத்தில் ஏழுமலை படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர், நிமிரவே இல்லை.

"எத்தினியோ தடவ மலையச் சுத்தி வந்திருக்கேன் மேடம், ஒரு நாளும் தலை சுத்தினதில்ல" என்றார் இடையில் ஒருமுறை, ஏதோ அநியாயம் நடந்துவிட்டதைப் போல.

தீவை நெருங்கியபோது தண்ணீர் வற்றியிருந்தது. பவளப்பாறை விளிம்பைத் தாண்ட முடியாமல் படகை நிறுத்திவிட்டுப் படகோட்டி படுத்து உறங்கிவிட்டார். கடல் ஏறும்வரை காத்திருப்பது அங்கே தாமதம் என்று கணக்கில் சேராது. யாரோ அடுப்பு மூட்டித் தேநீர் கொடுத்தார்கள்; கெட்டிப்பாலின் இனிப்பு நெடுநேரம் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து பார்த்தபோது தீவைவிடக் கம்பம்தான் முதலில் கண்ணில் பட்டது. கடலுக்கு மேலே ஒரு கோடு. "நம்ம கம்பம் மேடம்!" என்று ஏழுமலை மயக்கம் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார். எங்கள் ஊருக்கு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதலில் மலைதான் வரும், ஊர் பிறகுதான் வரும். பேருந்தில் உறங்குகிறவர்கள்கூட அந்தத் திருப்பத்தில் விழித்துக் கைகூப்புவார்கள். இங்கே தென்னைக்கு மேல் உயர்ந்த பொருள் வேறொன்றும் இல்லாத ஒரு மண்திட்டுக்கு, நாங்கள் நட்ட இரும்புக் குழாய் அந்த இடத்தை எடுத்துக்கொண்டிருந்தது. படகிலிருந்த தீவுக்காரர்கள் அதைக் காட்டித் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் பெருமை இருந்தது.

கரையில் எங்களை எதிர்கொண்டவர் இப்ராஹீம். கம்பத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஊர் அவரிடம் ஒப்படைத்திருந்தது. இளமையில் தூத்துக்குடிக்குச் சரக்குத் தோணியில் போய்வந்தவர். அந்தத் தீவில் தமிழ் பேசத் தெரிந்த ஒரே மனிதர்.

"வாங்க அக்கா, வாங்க அண்ணாச்சி. கடல் ரொம்பப் படுத்திட்டோ? சாப்பிட்டியளா?" என்றார்.

வடாற்காட்டுக் காதுக்கு அந்தத் தென்பாண்டித் தமிழே பாதி அயல்மொழி. ஏழுமலை என் பக்கம் சாய்ந்து, "நம்மளவிட நல்லாப் பேசறாரு மேடம்" என்றார் மெதுவாக.

இப்ராஹீமின் வீட்டிலேயே எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். பவளக்கல் சுவர், முற்றமெல்லாம் கூட்டிப் பெருக்கிய வெண்மணல், சுவர் ஓரத்தில் ஒரு சீமைப்பலா மரம். அவருடைய மனைவி ஆமினா அந்தத் தீவின் சுகாதாரப் பணியாளர். பிரசவம் பார்ப்பதும் ஊசி போடுவதும் அவரே. கணவர் பேசுகிறவர் என்றால் ஆமினா கவனிக்கிறவர். வந்த சற்று நேரத்திலேயே, நான் இடது காலைச் சற்றுத் தாங்கி நடக்கிறேன் என்பதைக் கண்டுகொண்டு ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்துவிட்டார்.

காலை உணவு, உதிர்த்த சூரைமீனும் துருவிய தேங்காயும் வெங்காயமும் பச்சைமிளகாயும் எலுமிச்சைச் சாறு விட்டுப் பிசைந்த கலவை. கூடவே மெல்லிய ரொட்டி. மதியம் சோறும், உப்பிட்டு வேகவைத்த மீனின் தெளிந்த சாறும். நான் மீன் உண்கிறவள்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் மீன் என்றால் சாத்தனூர் அணை மீன், அதுவும் புளிக்குழம்பில் மூழ்கியிருக்க வேண்டும். ஏழுமலை தெளிசாற்றைக் கிண்ணத்தோடு தூக்கிப் பார்த்தார். "மொளகாத்தூள் கம்மி மேடம்... கம்மி இன்னா, இல்லவே இல்ல" என்றவர், வீட்டிலிருந்து கொண்டுவந்த மாங்காய் ஊறுகாயைத் திறந்தார். ஆமினா அதில் ஒரு துண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வர, இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார். அன்றிலிருந்து அந்தப் புட்டி அடுப்படியின் பொதுச் சொத்து ஆயிற்று.

மறுநாள் விடிந்ததும் தீவைச் சுற்றி நடந்தேன். ஓரிடத்தின் காற்றை அறிய முதலில் மரங்களைப் பார்க்க வேண்டும். மேற்குக் கரைத் தாழைகளும் புதர்களும் ஒரே பக்கமாகச் சீவி விட்டதைப் போலச் சாய்ந்திருந்தன. ஆண்டாண்டாகப் பலமான காற்று வாங்கிய உடம்பு. எனக்கு நம்பிக்கை பிறந்தது. பாதி வழியில்தான் கவனித்தேன், நான் தீவை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே நடந்துகொண்டிருந்தேன். பழக்கம். நடுவில் மலை இல்லை. தென்னைகளும், ஒரு பள்ளிவாசலும், துணி உலர்த்தும் பெண்களும்தான் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு வலம் ஆகட்டும் என்று முழுச் சுற்றையும் முடித்தேன். ஒரு நாயும் குரைக்கவில்லை. அந்தத் தீவுகளில் நாயே கிடையாது என்று பிறகு தெரிந்தது. "நாய் இல்லாத ஊர்ல எப்டி மேடம் தூக்கம் வருது இவங்களுக்கு?" என்பது ஏழுமலையின் கவலை.

இப்ராஹீம் படகுக் கொட்டகையில் வலை பார்த்துக்கொண்டிருந்தார். கடல் எண்ணெய் வார்த்ததைப் போலக் கிடந்தது. "இப்பம் இப்படித்தான் கெடக்கும். ரெண்டு மூணு நாள்ல மாறிரும். இது 'கெத்தி' அக்கா" என்றார். காற்றையும் மழையையும் அவர்கள் விண்மீன்களைக் கொண்டு வகுத்து வைத்திருக்கிறார்கள். சூரியன் ஒவ்வொரு விண்மீனைக் கடக்கும் நாட்களுக்கும் ஒரு பெயர், ஒரு குணம். அசிதா, புருணு, கெத்தி, ரோனு என்று அவர் அடுக்கியபோது, அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி என்று என் வாய் தானாகப் பின்தொடர்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். சூரியன் கார்த்திகையில் நிற்கும் அதே நாட்களில் எங்கள் ஊரில் அக்கினி நட்சத்திரம். கோயிலில் இறைவன்மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழும்படி கலசம் கட்டி வைத்திருப்பார்கள். இங்கே அதே விண்மீனுக்குப் புயற்காலம் என்று பெயர்.

அன்று பகலில் ஆமினா தம் சிகிச்சைக் கூடத்தைக் காட்டினார். இப்ராஹீம் மொழிபெயர்த்தார். ஒரே அறை. மூலையில் புத்தம்புதிய குளிர்பதனப் பெட்டி. திறந்தால் உள்ளே பஞ்சும் கட்டுத்துணியும் பழைய அட்டைகளும். தீவில் டீசல் இயந்திரம் அந்தி சாய்ந்தால் ஓடும், ஊர் படுத்தால் நிற்கும். பகலெல்லாம் வெயிலில் சூடாகிற பெட்டியில் தடுப்பு மருந்தை வைக்க முடியாது. ஆகவே மருந்து ஐஸ் நிறைத்த டப்பாவில் படகேறி வரும். வந்த கணத்தில் தாய்மார்கள் குழந்தைகளோடு கரையில் நிற்க வேண்டும். கடல் கோபமாக இருந்து படகு தாமதித்தால் ஐஸ் உருகிவிடும். மருந்தைக் கொட்டிவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

"'டப்பாவுல ஐஸ் இருக்க மட்டும்தான் நான் டாக்டர், உருகிட்டா நானும் சும்மா ஒரு பொம்பளதான்'னு சொல்லுதா" என்றார் இப்ராஹீம். பிறகு தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்: "காத்தாலை வந்தா ராவும் பகலும் கரண்டு இருக்கும்லா? அதுக்குத்தான் அக்கா இவ ஒங்களுக்கு வெந்நி வைக்கா." ஆமினாவுக்குத் தமிழ் புரியாது, ஆனால் கணவர் எப்போது கேலி செய்கிறார் என்பது புரியும். கையிலிருந்த பஞ்சை அவர்மேல் வீசினார்.

மாலையில் டீசல் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மடிக்கணினியைத் திறந்து, பெட்டியிலிருந்து எடுத்த பதிவைப் படித்தேன். ஓர் ஆண்டின் காற்று மலைத்தொடர் போலத் திரையில் எழுந்தது. மழைக்காலத்தில் உயரமாக இருக்க வேண்டிய இடங்களில் என்னவோ குறை. வேகம் ஏறுகிறது, ஏறுகிறது. இன்னும் ஏறும் என்று பார்க்கும் இடத்தில் சட்டென்று பூச்சியம். சில நேரம் ஒரு பகல், சில நேரம் இரண்டு நாள் எதுவும் இல்லை. பிறகு நடுத்தரக் காற்றாக மீண்டும் தொடங்குகிறது. ஓரிடத்தில் என்றால் விட்டுவிடலாம். அந்தப் பருவம் முழுக்க அப்படியே. சராசரி எடுத்துப் பார்த்தேன். குறித்த அளவைத் தொடவில்லை.

உப்புக்காற்றில் கிண்ணங்களின் அச்சு பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் ஏழுமலை ஏறிப் பார்த்தார். "ஊதினா சுத்துது மேடம். புதுசு மாதிரி இருக்குது" என்று மேலிருந்து கத்தினார். கம்பியின் இணைப்புகளைச் சோதித்தேன். பழுதில்லை. கம்பத்தின் அடியிலிருக்கும் கீல்கூடத் துருவேறாமல், எண்ணெய் பூசி மின்னிற்று. எங்கள் நாட்டுக் காற்றாலைப் பொட்டல்களில் இத்தனை அன்போடு வைத்திருந்த ஒரு கம்பத்தை நான் கண்டதில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இப்ராஹீமே வாய் திறந்தார்.

"அக்கா, ஒங்க கம்பத்துல ஒரு கீறல் உண்டுமா பாத்தியளா?"

"இல்லை. மிக நன்றாக வைத்திருக்கிறீர்கள்."

"வச்சிருப்போம்லா! ஒரு பெருங்காத்துல அத நிக்க விட்டதில்ல. மேக்க கறுத்தாப் போதும், ஊரக் கூப்பிட்டு, கயித்தப் பிடிச்சு, பையச் சாச்சிருவோம். காத்து போன பெறவுதான் நிமித்துவோம். புள்ளையக் கெடத்துத மாதிரி."

ஏழுமலையின் கை சோற்றோடு பாதி வழியில் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான், "அப்படியா" என்று மட்டும் சொன்னேன். ஆமினா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

எப்படி நடந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பாய்மரம் கண்ட மக்கள். பெருங்காற்று வருமுன் மரத்தைச் சாய்ப்பவன்தான் அவர்களுக்குப் புத்தியுள்ள மாலுமி. சாய்க்காதவனைப் பற்றிச் சொல்ல ஆளே மிஞ்சுவதில்லை. பழுது பார்ப்பதற்காகக் கம்பத்தைச் சாய்த்து நிமிர்த்தும் முறையை எங்கள் ஆட்களே கற்றுக்கொடுத்திருந்தார்கள். கம்பம் தரையில் படுத்திருக்க, பெட்டி மட்டும் தன் கடமையாகப் பூச்சியத்தை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. எந்தக் காற்றுக்காகக் கம்பம் நட்டோமோ அந்தக் காற்றை மட்டும் அது ஆண்டு முழுதும் பார்க்கவில்லை.

சாப்பிட்டு முற்றத்துக்கு வந்ததும் ஏழுமலை தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான்தான் மேடம் சொல்லிக்குடுத்தேன். எப்டி சாய்க்கறதுன்னு சொன்னேன். சாய்க்கக் கூடாதுன்னு சொல்லல. காத்து அளக்கற கம்பத்த, காத்து வந்தா சாய்ச்சுடுவாங்கன்னு எவன் மேடம் நெனச்சான்?"

"யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்."

"மெஷின் ரிப்பேருன்னு எழுதிடுங்களேன். அந்தாளு பேராவது கெடாம இருக்கும். ஊரே அவர நம்பிக் குடுத்திருக்குது."

"அப்படி எழுதினால் அவர் பெயர் கெடாது. ஆனால் கம்பத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். இவர்களுக்குக் காற்றாலை கிடையாது."

"நெசத்த எழுதினா மட்டும் கிடைக்குமா?"

"தெரியாது. இன்னொரு பருவம் கேட்டுப் பார்க்கலாம். பூச்சியம் விழுந்த இடமெல்லாம் பெருங்காற்று என்று சொல்ல, சாய்த்தவரே சாட்சி இருக்கிறார் அல்லவா?"

அவருக்கு அது ஆறுதலாக இல்லை. எனக்கும்தான்.

காலையில் இப்ராஹீமைக் கம்பத்தடியில் பார்த்தேன். கம்பத்தை நாலாபுறமும் இழுத்துக் கட்டியிருந்த இழுகம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் மணலில் உட்கார்ந்து, விரலால் ஒரு கோடு வரைந்தேன்: ஏறி, இன்னும் ஏறி, பிறகு தரையோடு தரையாக. காற்றைப் படம் வரைந்தால் அவருக்கா புரியாது? குனிந்து பார்த்தார்.

"இந்த எடத்துல என்ன ஆச்சு?"

"இந்த இடத்தில் நீங்கள் கம்பத்தைச் சாய்த்தீர்கள்."

அவர் மணலில் உட்கார்ந்தார். நான் சராசரியைச் சொன்னேன், அளவைச் சொன்னேன், அடுத்த தீவைச் சொன்னேன். அவர் மணலில் இருந்த கோட்டைப் பார்த்தபடி, "அப்பம் காத்த நாங்களே ஒளிச்சு வச்சிட்டோம்" என்றார். பிறகு எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு, "ஊர்ல நான்தான் சொல்லணும்" என்றார்.

ஆனால் தீவுத் தலைவர் அன்று பிற்பகலே எங்களைக் கூப்பிட்டனுப்பினார். கதீப் என்று அவரை அழைக்கிறார்கள். அலுவலக வாசலில், கயிறு பின்னிய இருக்கைகளில் ஊர்ப்பெரியவர்கள் அமர்ந்திருந்தார்கள். மெல்லிதாகச் சீவிய பாக்கும் கிராம்பும் தட்டில் வந்தன. ஆமினாவும் வேறு சில பெண்களும் வாசற்படியருகே நின்றார்கள். கதீப் என்னைப் பார்த்துக் கேட்டார்; இப்ராஹீம் தமிழில் சொன்னார்: "'எங்க ஊர்க் காத்து எப்படி இருக்கு'ன்னு கேக்காவ."

அந்தக் கேள்விக்கான விடை அவருடைய வாய் வழியாகத்தான் போக வேண்டும். "காற்று நன்றாகவே இருக்கிறது. ஆனால் கம்பத்தைப் பேணிய முறையில் ஒரு சிறிய..." என்று தொடங்கினேன்.

இப்ராஹீம் கையை உயர்த்தினார். "சுத்தி வளைக்காதிய அக்கா. எனக்குச் சொல்லத் தெரியும்."

அவர் அவர்கள் பக்கம் திரும்பினார். சுருக்கமாகவே பேசினார். வலது முன்கையை நிமிர்த்திக் காட்டி, மெல்லச் சாய்த்து, இடது உள்ளங்கையில் படுக்கவைத்தார். பிறகு தம் மார்பைத் தொட்டார். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் அவர் எதையும் குறைத்துச் சொல்லவில்லை என்பதை எதிரிலிருந்த முகங்களே சொல்லின. ஏழுமலை எழுந்து நின்று, தம் மார்பையும் தட்டிக்காட்டி, "நானும்தான். சாய்க்கக் கூடாதுன்னு நான் சொல்லிக்குடுக்கல" என்றார் தமிழிலேயே. யாருக்கும் புரியாவிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகு மூலையில் இருந்த பல் விழுந்த பெரியவர் ஒருவர் ஏதோ சொல்லிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். இப்ராஹீம் தம்மைப் பற்றிய அந்தக் கேலியையும் நேர்மையாக மொழிபெயர்த்தார்: "'விருந்தாளிய உக்கார வச்சுட்டு, சோத்துப் பானைய ஒளிச்சு வச்சுக்கிட்டு, ஏன் பசியாறலன்னு கேட்ட கதை'யாம் இது."

ஆமினா வாசற்படியிலிருந்து பேசினார். இப்ராஹீம் அதைச் சொல்லாமல் நின்றார். ஆமினா விடவில்லை, சொல் என்று கண்ணால் அதட்டினார். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "'புள்ள எவ்வளவு ஓங்கி அழும்னு கேக்க நீங்க வந்திய. இந்த மனுசன், அது உதட்டப் பிதுக்கும்போதே தூக்கி மடியில வச்சுக்கிட்டாரு'ன்னு சொல்லுதா. 'ஊசி போடும்போதும் இப்படித்தான், என் பிள்ளைகளத் தூக்கிட்டு ஓடினாரு'ன்னும் சொல்லுதா."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள், கதீபைத் தவிர. அவர் சற்றுப் பொறுத்துப் பேசினார். படகைக் கரையேற்றும்போது கயிற்றில் கை வைத்த ஒவ்வொருவருக்கும் மீனில் பங்கு உண்டு. அது அந்தத் தீவின் வழக்கம். கம்பத்தைச் சாய்த்த கயிற்றை ஊரே பிடித்தது, தாமும் பிடித்தார். மீனில் பங்கு வாங்குகிற கைகள் இதிலும் பங்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். அவ்வளவுதான். அந்த விஷயத்தைப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அலுவலகத்திலேயே தீவின் ஒரே தொலைபேசி இருந்தது. சென்னை கிடைப்பதற்குள் மறுநாளாகிவிட்டது. எங்கள் மேலாளர் நல்லவர், ஆனால் அவருக்கு அடுத்த தீவும் இருந்தது. "அங்க ஜனங்க வெயிட் பண்றாங்க மேடம். அவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி. அந்தத் தீவிலும் உருகும் ஐஸ் இருக்கும், அங்கும் ஓர் ஆமினா இருப்பார். ஆகையால் காற்றாலையை இவர்களுக்கே கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்த மழைக்காலம் முடியும்வரை கம்பம் நிற்கட்டும், சரியாக அளந்துவிட்டு நியாயம் பேசலாம் என்று மட்டும் கேட்டேன்.

"மறுபடி சாய்க்க மாட்டாங்கன்னு எப்டி நம்பறது?"

கதவருகே நின்ற இப்ராஹீமைப் பார்த்தேன். மேலாளரின் கேள்வி அவர் காதில் விழுந்திருக்க முடியாது. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சாய்க்க மாட்டார்" என்றேன்.

"சரி. இந்த சீசன் மட்டும். ஒரு தடவ சாஞ்சாலும் கம்பம் அடுத்த தீவுக்கு."

இப்ராஹீமிடம் அதைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். மகிழ்ந்தவரைப் போலத் தெரியவில்லை. எதையோ கொடுக்க ஒப்புக்கொண்டவரைப் போல இருந்தார்.

நாங்கள் புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தைய பிற்பகல், மேற்கு வானம் கறுத்தது. காகங்கள் முதலில் ஊருக்குள் வந்தன. பெண்கள் துணிகளை வாரிக்கொண்டு ஓடினார்கள். யாரும் அழைக்கவில்லை, ஆண்கள் ஒவ்வொருவராக வீடுகளிலிருந்து வெளியே வந்து, கம்பத்தை நோக்கி நடந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் கயிற்றருகே தத்தம் இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். தாம் எதற்கு வந்தோம் என்பது நினைவுக்கு வந்ததும் அசட்டுச் சிரிப்போடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், ஆனாலும் கலையவில்லை. இப்ராஹீம் அவர்களுக்கும் கம்பத்துக்கும் நடுவே போய் நின்று, சாய்க்கும் கயிற்றைக் கொக்கியிலிருந்து கழற்றிச் சுருட்டித் தம் தோளில் போட்டுக்கொண்டார்.

காற்று வந்தது. நான் எத்தனையோ இடங்களில் காற்றை எண்ணாகப் பார்த்திருக்கிறேன். அதன் வாசலில் நின்று பார்த்தது குறைவு. தென்னைகள் ஒரே திசையில் குனிந்தன. மணல் கணுக்காலில் ஊசியாகக் குத்தியது. இழுகம்பிகள் முதலில் முனகி, பிறகு பாடி, பிறகு அலறின. உச்சியில் கிண்ணங்கள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரு வெளிறிய வட்டமாயின. கம்பத்தின் நடுப்பகுதி லேசாக வளைவதைக் கண்ணால் காண முடிந்தது. ஏழுமலை கம்பிக்குக் கம்பி ஓடி, முளைகளைக் காலால் மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்ராஹீம் கம்பத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அப்படியே மணலில் உட்கார்ந்து, கயிற்றுச் சுருளை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"அக்கா, நிக்குதா?"

"நிற்கிறது."

மழை அறைந்தது. கதீப் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

"நிக்குதா?"

"ஜம்முனு நிக்குது பாய்!" என்று ஏழுமலை எங்கிருந்தோ கத்தினார். "காத்து ஜாஸ்தி ஆவ ஆவ நல்லா நிக்குது!"

ஆமினா தலைத்துணியை இறுக்கிக்கொண்டு மழையினூடே வந்தார். கணவரின் பக்கத்தில், ஆனால் எதிர்த்திசை நோக்கி, கம்பத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அதன்பின் இப்ராஹீம் என்னைக் கேட்கவில்லை. ஆமினாவைக் கேட்டார், அவர்களுடைய மொழியில். ஆமினா முகத்தில் வழிந்த நீரைத் துடைக்காமல், கண்ணைக் கம்பத்திலிருந்து எடுக்காமல், ஒரே ஒரு சொல் சொன்னார். இப்ராஹீம் மீண்டும் கேட்டார். மீண்டும் அதே சொல். காற்று ஓயும்வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், ஆமினா சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் யாரையும் கேட்கவில்லை.